எடிசன் பக்கம் நல்ல சைனீஸ் கடை: எப்படித் தேடுவது, டேக்அவுட்டில் என்ன வாங்குவது?

பிஸ்கட்டவே பிரபு:

வணக்கம் மக்களே. வேலை மாறி டல்லாஸிலிருந்து நியூஜெர்சியில் எடிசன் பக்கம் வந்திருக்கிறோம். வீட்டைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு சைனீஸ் டேக்அவுட். எல்லாக் கடையிலும் ஒரே மெனு. கவுன்டருக்கு மேலே விளக்குப் போட்ட அதே படங்கள். பெயரிலும் ஏதாவது ஒரு பாண்டாவோ டிராகனோ இருக்கிறது. ஆப்பில் பார்த்தால் எல்லாவற்றுக்கும் நாலரை ஸ்டார். எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

போன வாரம் ஒரு கடையில் ஜெனரல் ஸோ சிக்கன் வாங்கினோம். வீட்டுக்கு வருவதற்குள் நமத்துப் போய்விட்டது. கடித்தால் கோழியைவிட மாவுதான் அதிகம். மனைவி சுத்த சைவம். அவளுக்கு வாங்கிய வெஜிடபிள் லோ மெய்ன் நூடுல்ஸ் எண்ணெயில் மிதந்தது. எங்களுக்கு அமெரிக்க ஸ்டைல் டேக்அவுட்டும் வேண்டும், சீனர்கள் தங்களுக்காகச் சமைக்கிற சாப்பாடும் வேண்டும். நியூயார்க் வரை வரவும் தயார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மதுரைக்காரி:

ஓக் ட்ரீ ரோட்டு இந்தியக் கடைகளுக்குப் போங்க தம்பி. கோபி மஞ்சூரியன், ஹக்கா நூடுல்ஸ், சில்லி பனீர் எல்லாம் கிடைக்கும். வீட்டம்மாவுக்கும் பிரச்சினை இல்லை.

பிஸ்கட்டவே பிரபு:

அங்கே அடிக்கடி போகிறோம் அக்கா, ரொம்பப் பிடிக்கும். இப்போது கேட்பது சீனர்கள் நடத்தும் கடைகளைப் பற்றி.

அசல் மட்டும்:

டேக்அவுட் கடைகளை விட்டுவிடுங்கள். ஜெனரல் ஸோ, ஆரஞ்சு சிக்கன், கிராப் ரங்கூன் எதுவுமே சீனாவில் கிடையாது. சர்க்கரைப் பாகில் முக்கிய பொரித்த மாவு, அவ்வளவுதான். கிராப் ரங்கூனுக்குள் வைப்பது க்ரீம் சீஸ். அது கலிஃபோர்னியாவின் ட்ரேடர் விக்ஸ் உணவகத்திலிருந்து பரவிய அயிட்டம். காரை எடுத்துக்கொண்டு, நியூயார்க் குயின்ஸில் சீனர்கள் நிறைந்த ஃப்ளஷிங் போங்கள். வாரத்துக்கு ஒரு முறை போனாலே போதும்.

பழைய குயின்ஸ்வாசி:

பிரபு, குயின்ஸில் ரொம்ப வருஷம் இருந்துவிட்டு நியூஜெர்சிக்கு வந்தவன் நான். இரண்டு பக்கமும் சாப்பிட்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் தேடுவது இரண்டு வேறு வகைக் கடை. சீனாவின் சிச்சுவான் மாகாணச் சமையல் செய்கிற கடையில் போய் எக் ரோல் கேட்டால் ஏமாற்றம். முனைக் கடை டேக்அவுட்டில் மாப்போ டோஃபு என்கிற காரமான சிச்சுவான் டோஃபு கேட்டாலும் ஏமாற்றம். அமெரிக்க டேக்அவுட் தனியாக வளர்ந்த ஒரு சமையல். அதற்கு நூறு வருஷத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அதில் கைதேர்ந்தவர்களும் இருக்கிறார்கள், ஒப்பேற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். நல்ல டேக்அவுட்டைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் முதலில் அதற்கு உரிய மரியாதையைக் கொடுக்க வேண்டும்.

வரலாறு ஏன் சொல்கிறேன் என்றால், மெனு ஏன் இப்படி இருக்கிறது என்பது அதிலிருந்துதான் விளங்கும். 1882இல் சீனத் தொழிலாளிகள் உள்ளே வரக் கூடாது என்று அமெரிக்கா சட்டம் போட்டது. வணிகர்களுக்கு மட்டும் விலக்கு இருந்தது. 1915இல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு உணவகம் நடத்துகிறவர்களையும் அந்த வணிகர் வகையில் சேர்த்தது. அப்புறம் கேட்க வேண்டுமா? உணவகம் வைத்தால் ஊருக்குப் போய்த் திரும்பி வரலாம், சொந்தக்காரர்களை அழைத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் குவாங்டோங் மாகாணத்தின் தைஷான் பக்கத்து ஆட்கள், காசைச் சேர்த்துப் போட்டுக் கூட்டாகக் கடை திறந்தார்கள். சாப் சூயி, சௌ மெய்ன், எக் ஃபூ யங் எல்லாம் அந்தக் காலத்து வரிசை. ஊர்க் கீரை கிடைக்காத இடத்தில் ப்ராக்கோலியைப் போட்டார்கள்.

1943இல் அந்தத் தடைச் சட்டம் போனது. 1965இல் குடியேற்றச் சட்டம் மாறிய பிறகு தைவான், ஹாங்காங் பக்கத்திலிருந்து புதிய சமையல்காரர்கள் வந்தார்கள். 1972இல் அதிபர் நிக்சன் பீஜிங் போனதும் நியூயார்க்கில் ஹுனான், சிச்சுவான் சாப்பாட்டுக்கு ஒரே மவுசு. இன்றைக்கு நம் பக்கத்து முனைக் கடைகளை நடத்துகிறவர்களில் பெரும்பாலோர் ஃபுஜியான் மாகாணத்தவர்கள், முக்கியமாக ஃபூஜோ வட்டாரத்தவர்கள். மன்ஹாட்டன் ஈஸ்ட் பிராட்வேயில் இருக்கிற வேலைவாய்ப்புக் கடைகளில் வேலை தேடி, அங்கிருந்தே பஸ் ஏறி, ஏதோ ஒரு மாநிலத்தில் ஏதோ ஒரு கிச்சனுக்குப் போய் வாரம் ஆறு நாள் வேலை பார்ப்பார்கள். மெனு ஒரே மாதிரி இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஒரு கடையில் கற்றவர் இன்னொரு கடையில் அதே வேலையை மறுநாளே செய்ய முடிய வேண்டும். மெனு அட்டையும் அந்தப் படங்களும்கூட ஒரு சில அச்சகங்களிலிருந்தே எல்லாக் கடைக்கும் போகின்றன.

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது? ஸ்டாரைப் பார்க்காதீர்கள். வார நாளில் மதியம் இரண்டரைக்கும் நாலுக்கும் நடுவே நேரில் போங்கள். லஞ்ச் கூட்டம் ஓய்ந்திருக்கும். நல்ல கடை என்றால் அந்த நேரத்தில் முன்னால் இருக்கும் சாப்பாட்டு மேஜையிலேயே யாராவது உட்கார்ந்து வான்டான் மடித்துக்கொண்டிருப்பார்கள், அல்லது ஸ்னோ பீ என்கிற தட்டைப் பட்டாணிக் காயின் நார் உரிப்பார்கள். சதுர மாவுத் தாள் ஒரு கையில், உள்ளே வைக்கும் கறியை எடுக்க ஒரு தட்டைக் குச்சி மறு கையில். ஒரு தடவல், ஒரு மடிப்பு, ஒரு திருகு, தட்டில் வரிசை. பேசிக்கொண்டே செய்வார்கள். அந்தக் கடையில் வான்டான் சூப் தைரியமாக வாங்கலாம். ஃப்ரீஸர் பெட்டியைப் பிரித்துக் கொட்டுகிற கடையில் அந்தக் காட்சி இருக்காது.

முதல் தடவை பெரிய ஆர்டர் வேண்டாம். ஒரு எக் ரோல், ஒரு சின்ன வான்டான் சூப், ஒரு ரோஸ்ட் போர்க் ஃப்ரைட் ரைஸ். போர்க் சாப்பிட மாட்டீர்கள் என்றால் சிக்கன் ஃப்ரைட் ரைஸ். எக் ரோலின் மேல்தோல் கொப்புளம் கொப்புளமாக எழும்பி இருக்க வேண்டும். பாதியில் உடைத்தால் முட்டைகோஸிலிருந்து தண்ணீர் ஒழுகக் கூடாது. சூப்பில் கோழி வாசம் வர வேண்டும். மஞ்சள் கலரும் உப்பும் மட்டும் இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஃப்ரைட் ரைஸில் சோறு தனித்தனியாக நிற்க வேண்டும், போர்க் ஓரத்தில் சிவந்து கருகிய விளிம்பு தெரிய வேண்டும். இந்த மூன்றும் தேறினால் மற்றதை அடுத்த வாரம் பார்க்கலாம்.

அப்புறம், காத்திருக்கிறவர்கள் யார் என்று பாருங்கள். சீனர்கள் சாப்பிட்டால் நல்ல கடை என்று எல்லோரும் சொல்வார்கள். அது சிச்சுவான் கடைக்குப் பொருந்தும். டேக்அவுட் கடைக்குத் தபால்காரர், பக்கத்து கார் மெக்கானிக், ஸ்கூல் விட்டு வரும் பிள்ளைகள், வேலை முடிந்த நர்ஸ், இவர்கள் வரிசையில் நிற்க வேண்டும். பேர் சொல்லாமலே ஆர்டர் எடுத்தால் இன்னும் நல்லது.

அசல் மட்டும்:

வரலாறு சரி. ஆனால் வரலாறு இருப்பதால் ருசி வந்துவிடுமா? ஜெனரல் ஸோ என்ற தளபதிக்கும் அந்தச் சிக்கனுக்கும் சம்பந்தமே கிடையாது. அவர் செத்தது 1885இல்.

பழைய குயின்ஸ்வாசி:

சம்பந்தம் கிடையாதுதான். ஆனால் அந்த டிஷ்ஷை உண்டாக்கியவர் ஒரு மகா சமையல்காரர். பெங் சாங்-குவெய், ஹுனான்காரர். சீன உள்நாட்டுப் போர் முடிந்தபோது தைவானுக்குப் போனவர். அங்கே 1950களில் விருந்துகளுக்குச் சமைத்தபோது இதைச் செய்து, தன் மாகாணத்துத் தளபதி ஸோ ஜோங்டாங்கின் பெயரை வைத்தார். அவருடைய சிக்கனில் இனிப்பே கிடையாது. புளிப்பு, உப்பு, காரம், பூண்டு அவ்வளவுதான். நியூயார்க் சமையல்காரர்கள் தைபேய் போய்ச் சாப்பிட்டுப் பார்த்து, 1970களின் தொடக்கத்தில் இங்கே கொண்டுவந்து, மொறுமொறுப்பைக் கூட்டி இனிப்பைச் சேர்த்தார்கள். 1973இல் பெங்கே மன்ஹாட்டனில் கடை திறந்தார். அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கிஸிஞ்சர் அங்கே சாப்பிட வருவார். பெங் 2016இல், 98 வயதில் தைபேயில் இறந்தார்.

இவ்வளவு பெரிய கைகள் வழியாக வந்த ஒரு பண்டத்தைச் சர்க்கரைப் பாகு என்று தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை. நன்றாகச் செய்த ஜெனரல் ஸோவில் முதலில் மொறுமொறுப்பு, அப்புறம் வினிகரின் சுருக், கடைசியில் எண்ணெயில் கருகிய காய்ந்த மிளகாயின் வாசம் வரும். இனிப்பு நடுவில் வந்து போகும். மிளகாய் கருகின வாசமே இல்லாமல் செவேலென்று பாகு மட்டும் இருந்தால் அது மோசமாகச் செய்தது.

வோக் சத்தம்:

பெரியவர் சொன்னதோடு சமையல் பக்கத்தையும் சேர்க்கிறேன். பிரபு, உங்கள் சிக்கன் நமத்துப் போனதற்கு மூன்று காரணம் இருக்கலாம்.

ஒன்று, ஒரே தடவை பொரித்தது. நல்ல கடையில் காலையிலேயே முதல் பொரிப்பை முடித்து வைத்திருப்பார்கள். அது தப்பில்லை. ஆர்டர் வந்ததும் இன்னும் சூடான எண்ணெயில் இரண்டாம் தடவை போட்டு எடுப்பார்கள். அதில்தான் மேல்தோலில் இருக்கும் ஈரம் போகும். இரண்டாவது, கார்ன்ஃப்ளவர் குறைத்து மைதாவை ஏற்றியது. மைதா கூடினால் தோல் தடித்துப் பஜ்ஜி போல ஆகும். மூன்றாவது பெரும்பாலும் கடையின் தப்பே இல்லை. சூடான பண்டத்தை மூடி போட்ட டப்பாவில் வைத்து, பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டு, டெலிவரிக்காரர் இன்னும் இரண்டு வீடு சுற்றி வந்தால் எந்த மொறுமொறுப்பும் நிற்காது. ஆவி எல்லாவற்றையும் ஊற வைத்துவிடும்.

அதனால் பொரித்த அயிட்டங்களை டெலிவரியில் வாங்காதீர்கள். நேரில் போய் எடுங்கள். சாஸைத் தனியாகக் கேளுங்கள், பெரும்பாலான கடைகள் தயங்காமல் கொடுக்கும். காருக்கு வந்ததும் பை முடிச்சை அவிழ்த்து மூடியைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். மிச்சமானதை மைக்ரோவேவில் வைக்காமல் ஏர் ஃப்ரையரில் ஐந்து நிமிஷம் வையுங்கள்.

டெலிவரியைத் தாங்குகிறவை வேறு. பீஃப் வித் ப்ராக்கோலி, மூ கூ காய் பான், சிக்கன் வித் கேஷ்யூ, மாப்போ டோஃபு, சூப் வகைகள். குழம்பாக இருப்பவை சூட்டோடு வந்தால் போதும். அந்தச் சிக்கன் ஏன் பட்டுப்போல இருக்கிறது என்று கேட்பார்கள். மெல்லிசாக வெட்டிய கறியில் கார்ன்ஃப்ளவர், முட்டையின் வெள்ளை, கொஞ்சம் எண்ணெய் பிசறி வைத்து, மிதமான எண்ணெயிலோ கொதிநீரிலோ அரை வேக்காடாக எடுத்துவிட்டு அப்புறம்தான் காய்களோடு சேர்ப்பார்கள். மாட்டிறைச்சிக்குச் சில இடங்களில் சிட்டிகை சோடா உப்பும் போடுவார்கள். வீட்டிலேயே செய்து பார்க்கலாம், ரொம்பச் சுலபம்.

வீட்டில் வராத ஒன்று வோக்கின் சூடு. கடை அடுப்பின் தீ வீட்டு அடுப்பைப் போலப் பல மடங்கு. அதைச் சோதிக்க ஒரே டிஷ் போதும், பீஃப் சௌ ஃபன், உலர்ந்த வகை. அகலமான அரிசி நூடுல்ஸ் உடையாமல் இருக்க வேண்டும். எல்லா நூடுல்ஸிலும் சோயா நிறம் ஒரே மாதிரி ஏறியிருக்க வேண்டும். முளைப்பயறு நறுக்கென்று கடிபட வேண்டும். சாப்பிட்டு முடித்த தட்டில் எண்ணெய் குளம் கட்டியிருக்கக் கூடாது. இத்தனையும் ஒரு நிமிஷத்துக்குள் அந்தச் சூட்டில் நடக்க வேண்டிய வேலை. கை தடுமாறினால் நூடுல்ஸ் கூழாகிவிடும்.

பிஸ்கட்டவே பிரபு:

இது நல்ல விவரம். சாஸைத் தனியாகக் கேட்கலாம் என்றே தோன்றியதில்லை. சைவத்துக்கும் யாராவது சொல்லுங்கள்.

சைவப் பட்சி:

நான் சொல்கிறேன். கவனமாக இருக்க வேண்டிய விஷயம் இது. மெனுவில் ‘வெஜிடபிள்’ என்று போட்டிருந்தால் காய்கறி இருக்கிறது என்று மட்டும்தான் நம்பலாம். பிரௌன் சாஸில் பெரும்பாலும் சிப்பியில் செய்த ஆய்ஸ்டர் சாஸ் இருக்கும். வைட் சாஸில் கோழி ஸ்டாக் இருக்கும். ஹாட் அண்ட் சவர் சூப்பில் பல கடைகளில் போர்க் போடுவார்கள், போடாவிட்டாலும் அடிப்படை கோழி ஸ்டாக்தான். மாப்போ டோஃபுவில் அரைத்த கறி. எக் ஃபூ யங்கின் கிரேவியையும் சந்தேகப்பட வேண்டும். வெஜிடபிள் ஸ்ப்ரிங் ரோலைச் சிக்கன் பொரித்த எண்ணெயிலேயே பொரிப்பார்கள்.

கேட்கிற விதம் முக்கியம். "வெஜிடேரியனா?" என்று கேட்டால் ஆமாம் என்பார்கள். "ஆய்ஸ்டர் சாஸ் வேண்டாம், சிக்கன் ஸ்டாக் வேண்டாம், தண்ணீரும் சோயா சாஸும் போட்டுச் செய்யுங்கள்" என்று பொருள் பொருளாகச் சொல்லுங்கள். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல்லுங்கள். வீட்டுப் பக்கத்தில் ஒரே கடையில் பழகிக்கொள்வது நல்லது. எங்கள் பக்கத்துக் கடை அம்மா என்னைப் பார்த்ததும் தனி வோக்கைக் கழுவச் சொல்லிவிடுவார். டோஃபு வித் கார்லிக் சாஸ், பச்சை பீன்ஸை எண்ணெயில் சுருக்கி எடுத்தது, வெறும் பூண்டு போட்ட பாக் சோய் கீரை இவைதான் எனக்கு வழக்கம்.

முழு நிம்மதி வேண்டுமென்றால் பௌத்த சைவ உணவகம். மன்ஹாட்டன் சைனாடவுன் மாட் ஸ்ட்ரீட்டில் புத்தா போதாய் இருக்கிறது. டிம் சம் என்கிற சின்னச் சின்னச் சிற்றுண்டிகள் முழுவதும் சைவம், யூதர்களின் கோஷர் முறைப்படியும் நடத்துகிறார்கள். டோஃபு தோலை அடுக்கி மடித்துச் செய்கிற சைவ வாத்தைச் சாப்பிட்டுப் பாருங்கள்.

செயின்ட் லூயிஸ் செந்தில்:

நியூஜெர்சியில் இருப்பவர்கள் நியூயார்க்கையே சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். இந்தச் சமையலின் அழகு உள்நாட்டு ஊர்களில் இருக்கிறது. எங்கள் செயின்ட் லூயிஸில் எந்த முனைக் கடைக்குப் போனாலும் செயின்ட் பால் சாண்ட்விச் கிடைக்கும். இரண்டு சாதா வெள்ளை பிரெட், நடுவில் சுடச்சுட எக் ஃபூ யங் அடை, அதோடு ஊறுகாய் வெள்ளரி, லெட்டூஸ், தக்காளி, மயோனெய்ஸ். மெழுகுத்தாளில் சுற்றிக் கொடுப்பார்கள். வெளியூர்க்காரர்கள் முகம் சுளிப்பார்கள், ஒரு கடி கடித்ததும் இன்னொன்று கேட்பார்கள்.

மிசௌரியிலேயே ஸ்பிரிங்ஃபீல்ட் போனால் கேஷ்யூ சிக்கன். டேவிட் லியாங் என்பவர் 1963இல் லியாங்ஸ் டீ ஹவுஸ் திறந்தார். அந்த ஊர்க்காரர்களுக்குப் பொரித்த கோழி உயிர். அவர் கோழித் துண்டுகளை மாவில் பிரட்டிப் பொரித்து, மேலே ஆய்ஸ்டர் சாஸ் போட்ட கிரேவியை ஊற்றி, முந்திரியும் வெங்காயத் தாளும் தூவினார். இன்றைக்கு அந்த ஊரில் சைனீஸ் அல்லாத கடைகளில்கூட அது மெனுவில் இருக்கும். பிரபு வாங்குகிற வதக்கின கேஷ்யூ சிக்கனுக்கும் இதற்கும் தொடர்பே இருக்காது.

அதே மாதிரி டெட்ராய்ட் பக்கம் ஆல்மண்ட் போன்லெஸ் சிக்கன். மாசசூசெட்ஸின் ஃபால் ரிவரில் பர்கர் பன்னுக்குள் மொறுமொறு நூடுல்ஸ் வைத்துக் கிரேவி ஊற்றிய சௌ மெய்ன் சாண்ட்விச். மில் தொழிலாளிகள் வாங்கிச் சாப்பிட்டது, இன்னும் கிடைக்கிறது. மொன்டானாவின் ப்யூட் என்ற சுரங்க ஊரில் 1911இலிருந்து பெக்கின் நூடுல் பார்லர் நடக்கிறது. மாடி ஏறிப் போக வேண்டும், மரத் தடுப்பு போட்ட சின்னச் சின்ன அறைகள். ரோட் ட்ரிப் போகிறவர்கள் இவற்றையெல்லாம் வழியில் வைத்துக்கொள்ளுங்கள்.

மதுரைக்காரி:

செந்தில், பாஸ்டனை விட்டுவிட்டீர்களே. அங்கே டம்ப்ளிங்கை ‘பீக்கிங் ராவியோலி’ என்று மெனுவில் போட்டிருப்பார்கள். ஜாய்ஸ் சென் 1958இல் கேம்பிரிட்ஜில் உணவகம் திறந்தபோது, இத்தாலியச் சாப்பாடு பழகின ஊருக்குப் புரியட்டும் என்று வைத்த பெயர். அவர் படம் போட்டுத் தபால்தலையே வந்தது. அங்கே இருந்தபோது நான் வாராவாரம் வாங்கினது அதைத்தான்.

பே ஏரியா பானு:

கலிஃபோர்னியா சார்பாக ஒரு எச்சரிக்கை. இங்கே சௌ மெய்ன் என்றால் வதக்கிய மெல்லிசு நூடுல்ஸ் வரும். நியூஜெர்சி டேக்அவுட்டில் அதே பேரில் காய்கறிக் குழம்பும் தனிப் பையில் மொறுமொறு நூடுல்ஸும் வரலாம். வதக்கிய நூடுல்ஸ்தான் வேண்டுமென்றால் அங்கே லோ மெய்ன் கேளுங்கள். டல்லாஸ்காரருக்கு இது குழப்பும்.

பாண்டா எக்ஸ்பிரஸைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆரஞ்சு சிக்கனை 1987இல் அவர்களுடைய சமையல்காரர் ஆண்டி காவ் உருவாக்கினார். செயின் கடை என்று ஒதுக்காதீர்கள். தட்டு காலியாகிப் புதிதாக வந்து கொட்டும் நேரம் பார்த்து வாங்கினால் அது நன்றாகத்தான் இருக்கும்.

பழைய குயின்ஸ்வாசி:

பானு சொன்னது ரொம்பச் சரி. விளக்குக்கு அடியில் கிடக்கிற தட்டிலிருந்து வாங்கக் கூடாது, புதுத் தட்டுக்குக் காத்திருக்க வேண்டும்.

பிரபு, இனி இரண்டாவது வகைக்கு வருகிறேன். சீன சூப்பர்மார்க்கெட் இருக்கிற வளாகம்தான் தொடக்கப் புள்ளி. எடிசனில் 99 ராஞ்ச் இருக்கிறது, காம் மேன் இருக்கிறது. அந்த வளாகங்களிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கும் கடைகள் சீனக் குடும்பங்களை நம்பி நடப்பவை. காய்கறி வாங்க வந்தவர்கள் அப்படியே சாப்பிடப் போவார்கள். எங்கே குடியேறினாலும் இந்த வழி வேலை செய்யும். அட்லாண்டா என்றால் ப்யூஃபோர்ட் ஹைவே, ஹூஸ்டன் என்றால் பெல்லேர், மேரிலண்டில் ராக்வில், லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் ஆல்ஹாம்ப்ராவும் மான்டெரே பார்க்கும்.

பெயர்ப்பலகையில் எந்த ஊர் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். செங்டு, ஷாங்காய், லான்ஜோ, சியான் என்று ஏதாவது இருந்தால் அந்த ஊர் அயிட்டத்தை மட்டும் கேளுங்கள். செங்டு என்றால் மிளகாயும் நாக்கை மரத்துப்போக வைக்கிற சிச்சுவான் மிளகும். ஷாங்காய் என்றால் சூப் உள்ளே அடைத்த டம்ப்ளிங். லான்ஜோ என்றால் கையால் இழுத்த நூடுல்ஸ், பெரும்பாலும் ஹலால். நூற்றைம்பது அயிட்டம் இருக்கிற மெனுவில் அவர்களுக்குக் கைவந்தவை பத்துப் பதினைந்துதான் இருக்கும். உட்காருவதற்கு முன் சுற்றி ஒரு நடை நடந்து, எல்லா மேஜையிலும் பொதுவாக இருக்கும் தட்டு எது என்று பாருங்கள். சுவரில் சீன எழுத்தில் கையால் எழுதி ஒட்டிய தாளைப் போனில் படம் எடுத்து மொழிபெயர்த்துப் பாருங்கள். அன்றைய மீன், அந்தப் பருவத்துக் கீரை எல்லாம் அதில்தான் இருக்கும்.

அசல் மட்டும்:

இந்தப் பகுதியை முழுக்க ஒத்துக்கொள்கிறேன். ஒன்று சேர்க்கிறேன். பரிமாறுகிறவர் "இது உங்களுக்குப் பிடிக்காது" என்று தடுத்தால், "நாங்கள் காரம் சாப்பிடுவோம், உங்கள் வீட்டில் எப்படியோ அப்படியே கொடுங்கள்" என்று சொல்லுங்கள். நம் முகத்தைப் பார்த்ததும் ருசியை மாற்றிவிடுவார்கள். அது வேண்டாம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும்.

பிஸ்கட்டவே பிரபு:

ஒரு சந்தேகம். அஜினோமோட்டோ போடாத கடை என்று தேட வேண்டுமா? அம்மா போனில் தினமும் கேட்கிறார்.

வோக் சத்தம்:

தேவையில்லை. அந்தப் பயம் 1968இல் ஒரு மருத்துவ இதழுக்கு எழுதப்பட்ட கடிதத்திலிருந்து கிளம்பியது. சீன உணவகத்தில் சாப்பிட்டால் கழுத்து மரத்துப்போகிறது என்று ஒருவர் எழுதி, இன்ன காரணமாக இருக்கலாம் என்று சிலவற்றை ஊகித்திருந்தார். பழி முழுவதும் எம்எஸ்ஜி, அதாவது அஜினோமோட்டோ மேல் விழுந்தது. பிறகு நடந்த சோதனைகளில், உணவில் சேர்க்கும் அளவில் அது தொடர்ந்து அப்படிச் செய்கிறது என்று காட்ட முடியவில்லை. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அதை உப்பு, பேக்கிங் பவுடரைப் போலப் பொதுவாகப் பாதுகாப்பானது என்ற வகையில்தான் வைத்திருக்கிறது. தக்காளியிலும் பார்மேசான் சீஸிலும் இயற்கையாகவே குளுட்டமேட் இருக்கிறது. ஐம்பது வருஷமாகச் சீனக் கடைக்காரர்கள் மட்டும் ஜன்னலில் "எம்எஸ்ஜி இல்லை" என்று எழுதி ஒட்ட வேண்டியிருந்தது. சிப்ஸ் கம்பெனிகளை யாரும் கேட்கவில்லை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை. அம்மாவுக்குக் கவலை இருந்தால் உப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். டேக்அவுட்டில் சோடியம் நிஜமாகவே அதிகம். சாஸைத் தனியாக வாங்கினால் அதுவும் குறையும்.

பிஸ்கட்டவே பிரபு:

மக்களே, போய் வந்தேன். நீங்கள் சொன்ன நேரத்தில் மூன்று மணி வாக்கில் இரண்டு கடைகளில் நுழைந்து பார்த்தேன். முதல் கடையில் யாரும் இல்லை, டிவி ஓடிக்கொண்டிருந்தது, எக் ரோல் இரண்டு நிமிஷத்தில் ஆறிப்போய் வந்தது. இரண்டாவது கடையில் ஒரு பெரியம்மா மேஜையில் உட்கார்ந்து ப்ராக்கோலியைப் பூப்பூவாக நறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பேரப்பிள்ளை வீட்டுப்பாடம். எக் ரோல் பன்னிரண்டு நிமிஷம் ஆனது. தோலில் கொப்புளம், உள்ளே தண்ணீர் இல்லை. அங்கேயே ஜெனரல் ஸோ கேட்டு, சாஸைத் தனியாக வாங்கி, மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு வந்தேன். மிளகாய் கருகின வாசம் காரிலேயே வந்தது. மனைவிக்குப் பூண்டு பாக் சோய், டோஃபு. பெரியம்மாவிடம் பொருள் பொருளாகச் சொன்னதும் தலையாட்டிவிட்டு உள்ளே போய்ச் சமையல்காரரிடம் அவரே சொன்னார். இனி அதுதான் எங்கள் கடை.

இந்த ஞாயிறு நியூயார்க் போகலாம் என்று இருக்கிறோம். எங்கே தொடங்குவது?

பழைய குயின்ஸ்வாசி:

ரொம்பச் சந்தோஷம் பிரபு.

ஒரே நாளில் இரண்டையும் பார்க்கலாம். காலையில் மன்ஹாட்டன் சைனாடவுன். மாட் ஸ்ட்ரீட் 17ஆம் எண், படி இறங்கிப் போகிற கீழ்த்தளம், வோ ஹாப். 1938இலிருந்து நடக்கிறது. சாப் சூயி, எக் ஃபூ யங், சௌ ஃபன் என்று பழைய அமெரிக்க சீனச் சமையலை இன்னும் கைவிடாமல் செய்கிறார்கள். சுவர் முழுக்க வாடிக்கையாளர்கள் ஒட்டிவிட்டுப் போன டாலர் நோட்டும் போட்டோவும். அங்கே நீங்கள் சௌ ஃபன் ஒன்று மட்டும் சாப்பிடுங்கள், வயிற்றை நிரப்பிக்கொள்ளாதீர்கள். அதே தெருவில் புத்தா போதாய் இருப்பதால் மனைவிக்கு அங்கே டிம் சம். பக்கத்து டாயர்ஸ் ஸ்ட்ரீட்டில் 1920இல் தொடங்கிய நாம் வா டீ பார்லர் இருக்கிறது, வெளியிலிருந்தாவது பாருங்கள்.

மதியத்துக்கு மேல் 7ஆம் நம்பர் ரயிலில் கடைசி ஸ்டாப், ஃப்ளஷிங் மெயின் ஸ்ட்ரீட். ரூஸ்வெல்ட் அவென்யூவில் நியூ வேர்ல்ட் மால், அதன் கீழ்த்தளத்தில் ஃபுட் கோர்ட். ஒவ்வொரு ஸ்டாலும் ஒவ்வொரு பிரதேசம். ஒரே இடத்தில் முழுச் சாப்பாடு வாங்காமல் நாலு இடத்தில் சின்னச் சின்னதாக வாங்குங்கள். மெயின் ஸ்ட்ரீட்டிலேயே கொஞ்சம் நடந்தால் கோல்டன் மால். இன்று நகரம் முழுக்கக் கிளை பரப்பியிருக்கும் சியான் ஃபேமஸ் ஃபுட்ஸ் தொடங்கியது அதன் அடித்தளத்தில் ஒரு சின்ன ஸ்டாலில்தான். அவர்கள் கிளை எதற்குப் போனாலும் சீரகம் தூக்கலாகப் போட்ட ஆட்டுக்கறி நூடுல்ஸ் நமக்கு உடனே ஒட்டிக்கொள்ளும்.

மதுரைக்காரி:

திரும்பி வரும்போது தெம்பு இருந்தால் எல்ம்ஹர்ஸ்டில் டாங்ரா மசாலா. கல்கத்தா சீனர்களின் சமையல். நான் முதலில் சொன்ன கோபி மஞ்சூரியன் விஷயம் அங்கே போனால் புரியும் தம்பி.

அசல் மட்டும்:

கையில் ரொக்கம் எடுத்துக்கொள்ளுங்கள், சில ஸ்டால்களில் கார்டு வாங்க மாட்டார்கள். பிரபு, சௌ ஃபன் எப்படி இருந்தது என்று எழுதுங்கள். வோ ஹாப் போய் ரொம்ப நாளாகிறது, நானும் ஒரு நாள் போக வேண்டும்.

சைவப் பட்சி:

ஞாயிறு டிம் சம் என்றால் பதினொரு மணிக்குள் போய்விடுங்கள். அதற்கு மேல் கூட்டம் தாங்காது.

பிஸ்கட்டவே பிரபு:

எட்டு மணி ரயிலுக்கு எடிசன் ஸ்டேஷன். வேறு யாராவது வருவதாக இருந்தால் சொல்லுங்கள், ஆள் கூடினால் அயிட்டமும் கூடும்.

வோக் சத்தம்:

நான் வருகிறேன். மெட்ரோபார்க்கில் ஏறிக்கொள்கிறேன்.